திருமறை ஓதலின் பேராசான் இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்)

குர்ஆன் ஷரீபை அழகாக ஓத வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? ரமளான் பிறந்துவிட்டால் தராவீஹ் தொழுகைக்கு நல்ல கிராஅத் உள்ள ஹாபிஸ் எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போகிறோம். 1961ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் அனைத்துலகக் குர்ஆன் ஓதும் போட்டி தொடங்கிய பிறகு, பல நாட்டுக் காரிகளின் ஓதலைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் நம்மில் ஏராளம்.

ஆனால் ஓதலின் அழகு எதில் இருக்கிறது? குரலிலா? ராகத்திலா? அல்லது எழுத்தின் சுத்தத்திலா? இந்தக் கேள்விக்குத் தம் ஆயுள் முழுவதையும் செலவிட்டு விடை தந்து போனவர்கள் இமாம் ஷம்சுத்தீன் முஹம்மது இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள். மதுரஸாவில் தஜ்வீத் ஓதிய எவரும் அன்னாரின் பெயரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் அன்னார் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே. ஆகவே அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் கல்வியும்

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 751ஆம் ஆண்டு (கி.பி. 1350) ரமளான் மாதத்தில் திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் பட்டணத்தில் பிறந்தார்கள். தஜ்லா நதிக்கரையிலுள்ள ஜஸீரத்து இப்னு உமர் என்ற ஊரின் பெயரால்தான் ஜஸரீ என்ற பெயர் வந்தது. அவ்வூர் இன்று துருக்கி நாட்டில் ஸிஸ்ரே என்று வழங்குகிறது.

தந்தையார் ஒரு வியாபாரி. நாற்பது ஆண்டு காலம் அவருக்குப் பிள்ளைப் பாக்கியம் இல்லை. அவர் ஹஜ்ஜுக்குச் சென்று, ஸம்ஸம் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆலிமான ஒரு மகனைத் தரும்படி அல்லாஹ்விடம் கையேந்தினார். பெருஞ்செல்வத்தையோ கடையை நடத்த ஆளையோ அந்த வியாபாரி கேட்கவில்லை, இல்மைக் கேட்டார். கேட்டது கிடைத்தது. பிள்ளை பதின்மூன்று வயதில் குர்ஆனை முழுதும் மனனம் செய்து, அடுத்த ஆண்டே முன்னின்று தொழுகை நடத்தினார்.

திமிஷ்கிலிருந்த உஸ்தாதுகளிடம் கிராஅத் கலையைக் கற்ற பிறகும் தாகம் தீரவில்லை. ஹிஜ்ரி 768இல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் மதீனாவிலும் உட்கார்ந்து ஓதினார்கள். மறு ஆண்டு கெய்ரோவுக்குப் பயணமானார்கள். அங்கே இப்னுல் ஜுந்தீ என்ற பெரியவரிடம் பல கிராஅத்துகளையும் சேர்த்து ஓதிக்கொண்டு வந்தார்கள். சூரத்துன் நஹ்லில் நீதியையும் நன்மையையும் ஏவும் ஆயத்தை அடைந்த சமயத்தில் உஸ்தாதுக்கு மரணத் தறுவாய் வந்துவிட்டது. மாணவர் இஜாஸத் கேட்க, பெரியவர் அந்த நிலையிலும் அனுமதி அளித்துச் சாட்சியும் வைத்துவிட்டுக் கண் மூடினார்கள். இஜாஸத் கையில் வந்துவிட்டதே என்று இமாம் அவர்கள் ஊர் திரும்பிவிடவில்லை. இப்னுஸ் ஸாயிக், இப்னுல் பக்தாதீ போன்ற வேறு உஸ்தாதுகளிடம் சென்று மீண்டும் முதலிலிருந்து ஓதினார்கள். கெய்ரோவுக்கு ஒரு முறையல்ல, பல முறை போய் வந்தார்கள்.

ஹதீஸ், பிக்ஹு ஆகியவற்றிலும் இப்படியே. தப்ஸீர் ஆசிரியரான இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தாம் வபாத்தான ஹிஜ்ரி 774ஆம் ஆண்டில் இவர்களுக்குப் பத்வா வழங்கும் அனுமதியைக் கொடுத்தார்கள். அப்போது இமாம் அவர்களுக்கு வயது இருபத்து மூன்றுக்குள்தான். பின்னர் திமிஷ்கின் உமையாக்கள் பள்ளிவாசலில் உட்கார்ந்து பல ஆண்டுகள் கிராஅத் ஓதிக் கொடுத்தார்கள்.

பத்து கிராஅத்தின் பிரச்சினை

இங்கே கிராஅத் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குர்ஆன் ஒன்றே. ஆனால் சில சொற்களை உச்சரிக்கும் முறையிலும், நீட்டும் அளவிலும், சில இடங்களில் சொல்லின் வடிவிலும் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து சஹாபாக்கள் வழியாக வந்த முறைகள் பல உண்டு. ஹிஜ்ரி 324இல் வபாத்தான பக்தாத் அறிஞர் இப்னு முஜாஹித் அவர்கள் அவற்றுள் ஏழு இமாம்களின் கிராஅத்தைத் திரட்டி நூலாக்கினார்கள். பின்பு இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள் அந்த ஏழையும் பாட்டாக அமைத்தார்கள். தமிழ்நாட்டிலும், இலங்கையிலும், மலேசியா, சிங்கப்பூரிலும் நாம் ஓதுவது அந்த ஏழில் ஒன்று. கூபா நகரத்து இமாம் ஆஸிம் (ரஹ்) அவர்களின் கிராஅத்தை அவர்களின் மாணவர் ஹப்ஸ் (ரஹ்) அறிவித்தபடி ஓதுகிறோம்.

ஏழின் புகழ் ஓங்க ஓங்க, ஏழுக்கு வெளியே எதுவும் இல்லை என்ற எண்ணம் பலரிடம் பரவிவிட்டது. மதீனாவின் அபூஜஅபர், பஸ்ராவின் யஅகூப், பக்தாதின் கலப் ஆகிய மூன்று இமாம்களின் கிராஅத்தும் உறுதியான சனதுடன் வந்தவையாக இருந்தும், ஓதுவார் குறைந்து வந்தார்கள். ஓதுவார் இல்லாத கிராஅத் ஏட்டில் இருந்து என்ன பயன்? வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து மற்றொரு வாய்க்கும் போவதுதான் இந்த இல்மு. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் சங்கிலி அறுந்தது அறுந்ததுதான்.

இமாம் அவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞராக இருந்தபோதே இதற்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்காலத்துப் பெரும் நீதிபதி தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்களிடம் இது பற்றி எழுதிக் கேட்டு, பத்தும் ஐயத்துக்கு இடமின்றி வந்தவையே என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். ஹிஜ்ரி 773இல் இதற்கென்றே முன்ஜிதுல் முக்ரியீன் என்ற நூலையும் எழுதினார்கள்.

சோதனைகள்

ஹிஜ்ரி 791ஆம் ஆண்டு திமிஷ்க் முற்றுகையிடப்பட்டது. கோட்டைக் கதவுகள் அடைக்கப்பட்டு ஜனங்கள் கலங்கி நின்றார்கள். இமாம் அவர்களையும் ஓர் எதிரி தேடிக்கொண்டிருந்தான். அந்த நெருக்கடியில் இருந்துகொண்டுதான் ஹதீஸ்களில் வந்துள்ள துஆக்களை எல்லாம் திரட்டி ஹிஸ்னுல் ஹஸீன் என்ற நூலை முடித்தார்கள். உறுதியான கோட்டை என்பது அதன் பொருள். இன்றும் நம் ஆலிம்களின் கைகளில் இருக்கும் கிதாபு அது.

பின்னர் திமிஷ்கின் காஜியாக நியமனம் பெற்றார்கள். ஆனால் எகிப்திய அரசின் அதிகாரி ஒருவருடன் பணக் கணக்குச் சம்பந்தமாகத் தகராறு மூண்டது. சொத்துக்கள் பறிமுதலாயின. ஹிஜ்ரி 798இல் இமாம் அவர்கள் கப்பலேறித் துருக்கி நாட்டின் பூர்ஸா நகரில் சுல்தான் பாயஸீதிடம் அடைக்கலம் புகுந்தார்கள்.

வீடு, வாசல், பொருள், பதவி யாவும் போய், வயது ஐம்பதை நெருங்கும்போது அந்நிய ஊரில் வந்து நிற்கும் ஒரு மனிதர் என்ன செய்வார்? முறையீடு எழுதிக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாம். இமாம் அவர்களோ மறு ஆண்டே, அதாவது ஹிஜ்ரி 799இல், அந்நஷ்ர் என்ற மாபெரும் நூலைத் தொடங்கி அவ்வாண்டிற்குள்ளேயே முடித்துவிட்டார்கள். பத்து கிராஅத்துகளும் எந்தெந்த உஸ்தாது வழியாக, எந்தெந்தக் கிதாபு வழியாக வந்தன என்று ஏறத்தாழ ஆயிரம் வழிகளை அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நல்ல வியாபாரியின் பேரேட்டில் ஒவ்வொரு சரக்கும் எங்கிருந்து வந்தது என்று பதிவாகி இருப்பது போல, ஒவ்வொரு ஓதலுக்கும் அதில் பதிவு உண்டு. மாணவர்கள் மனனம் செய்வதற்காக அதையே ஆயிரம் பாட்டளவில் தய்யிபதுன் நஷ்ர் என்றும் அமைத்தார்கள்.

சோதனை அத்துடன் விடவில்லை. 1402ஆம் ஆண்டு அங்காராப் போரில் பாயஸீத் தோற்றுச் சிறைப்பட்டார். வெற்றி பெற்ற தைமூர் இமாம் அவர்களையும் தன்னுடன் சமர்க்கந்துப் பக்கம் கொண்டுபோய்விட்டான். அங்கும் ஓதிக் கொடுப்பது நிற்கவில்லை. 1405இல் தைமூர் இறந்த பிறகு, ஹிராத், யஸ்து, இஸ்பஹான் வழியாக ஷீராஸ் வந்து சேர்ந்தார்கள். வழியிலுள்ள ஊர்களிலும் மாணவர்கள் சூழ்ந்தார்கள். ஷீராஸில் தைமூரின் பேரன் விரும்பாத காஜி பதவியை அவர்கள் தலையில் வைத்தான். எனினும் அவ்வூரிலேயே குர்ஆன் ஓதலுக்கென்று ஒரு கலாசாலையை நிறுவினார்கள்.

ஹிஜ்ரி 822இல் மீண்டும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, நஜ்து பாலைவனத்தில் கொள்ளையர்கள் பாய்ந்து கையிலிருந்ததை எல்லாம் பறித்துக்கொண்டார்கள். உயிர் தப்பி உனைஸா என்ற ஊரில் ஒதுங்கினார்கள். எழுபது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் அங்கே உட்கார்ந்து, ஏழுக்கு மேற்பட்ட அந்த மூன்று கிராஅத்துகளையும் அத்துர்ரா என்ற பாட்டு நூலாக ஆக்கினார்கள். அவ்வாண்டு ஹஜ்ஜு தவறிப்போயிற்று. அடுத்த ஆண்டு கிடைத்தது. கொள்ளையனால் எடுக்க முடியாத முதல் அவர்கள் நெஞ்சில் இருந்தது.

அழகு எது?

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நஷ்ரில் இமாம் அவர்கள் தாம் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். தம் உஸ்தாதுகளில் ஒருவருக்கு இனிய குரலும் இல்லை, ராக ஞானமும் இல்லை. ஆனால் எழுத்துக்களை அவற்றின் இடத்திலிருந்து சுத்தமாக எடுத்து ஓதுவார். அவர் ஓதத் தொடங்கினால் கேட்பவர் உள்ளம் பறிபோய்விடும்; ஜனங்கள் திரண்டு வந்து கேட்பார்கள். நல்ல குரலும் ராகமும் உள்ள வேறு சிலரோ தஜ்வீத் இல்லாமையால் கேட்பாரற்றுப் போனார்கள்.

தகிய்யுத்தீன் அஸ்ஸாயிக் என்ற பெரியவர் ஸுப்ஹுத் தொழுகையில் சூரத்துன் நம்லில் சுலைமான் நபி (அலை) அவர்கள் ஹுத்ஹுதைத் தேடிய ஆயத்தைத் திரும்பத் திரும்ப ஓதியபோது, ஒரு பறவை வந்து தலைமீது அமர்ந்து ஓதல் முடியும்வரை கேட்டதாகவும், பார்த்தால் அது ஹுத்ஹுதே என்றும் உஸ்தாதுகள் வழியாகத் தாம் கேட்டதை இமாம் அவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

தஜ்வீத் என்றால் வாயைக் கோணுவதோ, தொண்டையை இறுக்குவதோ, மத்தை மனம்போல் இழுப்பதோ அல்ல என்பது அன்னாரின் கண்டிப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் ஹக்கைக் கொடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தராசு பிடிப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். நூற்றேழு பாட்டுக்கள் கொண்ட முகத்திமா என்ற சிறு நூலில் எழுத்துக்கள் பிறக்கும் இடங்கள் பதினேழு என்று வகுத்து, சிறு பிள்ளையும் மனனம் செய்யத்தக்க விதத்தில் தந்திருக்கிறார்கள்.

தமிழ் பேசும் நமக்கு இது மிக அவசியம். அரபியில் காப் இரண்டு. நம்மிடம் ககரம் ஒன்றே. அடிநாக்கில் எடுக்க வேண்டிய காபை முன்னே கொண்டுவந்து ஓதினால், கல்பு என்ற இருதயம் நாயாகிவிடும். ளாத் என்ற எழுத்தோ இன்னும் கஷ்டம். அதற்குத் தமிழில் எழுத்தே இல்லாததால்தான் ரமளான், ரமழான், ரமதான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நாவுக்கு இதைவிடக் கடினமான எழுத்து வேறில்லை என்றும், ஒருவர் இதை ளா ஆக்குகிறார், ஒருவர் தாலுடன் கலக்கிறார், ஒருவர் கனத்த லாம் ஆக்குகிறார் என்றும் இமாம் அவர்கள் அந்தக் காலத்திலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக, தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. அதற்கு மருந்தும் சொன்னார்கள்: நல்ல உஸ்தாதின் வாயைப் பார்த்துக் கேட்டு, நம் வாயால் திரும்பத் திரும்பப் பழகுவது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

வீட்டில் விளைந்த பயிர்

இமாம் அவர்கள் ஊருக்கு மட்டும் ஓதிக் கொடுத்து வீட்டை மறந்தவர்கள் அல்லர். மகன் அஹ்மது தந்தையின் நூல்களுக்கு விரிவுரை எழுதினார். மகள் ஸல்மா முகத்திமாவையும் தய்யிபாவையும் மனனம் செய்து, குர்ஆன் முழுவதையும் பத்து கிராஅத்தின்படியும் ஓதிக்காட்டி ஹிஜ்ரி 832இல் தேறினார். ஏறக்குறைய நாலாயிரம் காரிகளின் வரலாற்றைத் திரட்டிய தம் நூலில், தந்தை மகளுடைய பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு யாஸீன் ஓதத் தெரிந்தால் போதும் என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 833 ரபீஉல் அவ்வல் பிறை 5 (கி.பி. 1429) வெள்ளிக்கிழமையன்று, இமாம் அவர்கள் ஷீராஸில் வபாத்தானார்கள். தாம் கட்டிய குர்ஆன் கலாசாலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

இன்று உலகின் எந்த மூலையிலும் பத்து கிராஅத்துக்குச் சனது பெற்ற ஒரு காரியின் இஜாஸத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர் வரிசையில் இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்களின் பெயர் அநேகமாக இருந்தே தீரும். அரசர்கள் வென்றார்கள், தோற்றார்கள். திமிஷ்கும் பூர்ஸாவும் சமர்க்கந்தும் கைமாறின. அறுந்துபோக இருந்த சங்கிலி மட்டும் அறவில்லை.

சகோதரர்களே! குரல் அல்லாஹ் கொடுப்பது, எல்லாருக்கும் கிட்டாது. எழுத்தின் சுத்தமோ உழைப்பால் வருவது. அது எல்லாருக்கும் கிட்டும். கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் ஒரு உஸ்தாதின் முன் உட்கார நாற்பது வயதும் தடையல்ல, ஐம்பது வயதும் தடையல்ல. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்கும்போது நமக்கு வெட்கம் எதற்கு? பிள்ளைகளை மதுரஸாவுக்கு அனுப்புவோம். நாமும் உடன் செல்வோம். திருமறையை அதன் ஹக்குப்படி ஓதும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.