கேர்ஸ்டன்பொஷ் பூங்காவை உருவாக்கிய ஹெரோல்ட் பியர்சன்

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில், மேசை மலையின் கிழக்குச் சாய்விலே கேர்ஸ்டன்பொஷ் தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. இதனை உருவாக்கியவர் பேராசிரியர் ஹெரோல்ட் பியர்சன் ஆவார்.

இவர் 1870 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். இளமையில் மருந்துக் கடையொன்றில் உதவியாளராகத் தொழில் புரிந்தார். தாவரவியலில் கொண்ட ஆர்வத்தினால் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கற்றார். ஆய்வுக்காக எமது நாட்டிற்கும் வந்தார். மலைநாட்டுப் பத்தனாப் புல்நிலத் தாவரங்கள் பற்றிய இவரது ஆய்வுக் கட்டுரை 1899 இல் வெளியாகியது.

1903 இல் கேப்டவுனிலுள்ள தென்னாபிரிக்கக் கல்லூரியின் தாவரவியற் பேராசிரியராகப் பதவியேற்றார். வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளைக் கொண்டிருக்கும் வெல்விட்சியா என்னும் பாலைநிலத் தாவரத்தை ஆராய, இன்றைய நமீபியாவுக்குப் பயணம் செய்தார்.

அக்காலத்தில் குடியேற்ற நாடுகளின் தாவரவியற் பூங்காக்கள் பிறநாட்டுப் பணப்பயிர்களைப் பரப்புவதிலேயே அதிக கவனம் செலுத்தின. இலங்கையின் ஹெனரத்கொடப் பூங்காவில் 1876 இல் இறப்பர் நடப்பட்டமை இதற்கு நல்ல உதாரணமாகும். பியர்சனோ வேறு விதமாகச் சிந்தித்தார். ஒரு நாட்டின் பூங்கா அந்நாட்டின் சுதேசத் தாவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதே அவரது கருத்தாகும். இதனை 1910 இல் அவர் பகிரங்கமாக முன்வைத்தார்.

1911 இல் கேர்ஸ்டன்பொஷ் நிலத்தைச் சென்று பார்த்தார். செசில் றோட்ஸ் நாட்டுக்கு விட்டுச்சென்ற அந்நிலம் அப்போது களைகள் மண்டி, பன்றிகள் திரியும் இடமாகக் கிடந்தது. ஆயினும் பூங்காவிற்கு ஏற்ற இடம் அதுவே எனப் பியர்சன் துணிந்தார். 1913 ஆம் ஆண்டு யூலை 1 ஆம் திகதி பூங்கா தோற்றம் பெற்றது.

அரசாங்கம் ஆண்டுக்கு 1000 பவுண் மாத்திரமே வழங்கியது. விறகு விற்றும் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. பணிப்பாளராகக் கடமையாற்றிய பியர்சன் அதற்கெனச் சம்பளம் எதுவும் பெறவில்லை. அழிந்துவரும் சைக்கசு வகைத் தாவரங்களைத் தேடிச் சேகரித்து நாட்டினார். மெதுவாக வளரும் அவற்றின் முழு வளர்ச்சியைக் காண அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1916 நவம்பர் 3 ஆம் திகதி, தமது 46 ஆவது வயதில் நியூமோனியாவினால் காலமானார். அவரது உடல் அப்பூங்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இன்று 528 ஹெக்டயர் பரப்புள்ள கேர்ஸ்டன்பொஷில் ஏறத்தாழ 36 ஹெக்டயர் மாத்திரமே நடுகை செய்யப்பட்ட பூங்காவாகும். எஞ்சிய பகுதி இயற்கை ஒதுக்கமாகப் பேணப்படுகின்றது. இங்கு வருவோர் பூம்பாத்திகளைக் கடந்து நடந்தால் இயற்கைக் காட்டினுள் நுழைந்து, மேசை மலை உச்சிவரை ஏறலாம். 2004 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசத்தில் இப்பூங்காவும் அடங்குகின்றது. பயனை எதிர்பாராது மூன்றே ஆண்டுகள் ஆற்றிய பணி, நூறாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கின்றது.

பயிற்சி
1. பியர்சனின் நோக்கம் அக்காலப் பூங்காக்களின் நோக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. அவர் எதிர்நோக்கிய இடர்ப்பாடுகள் இரண்டினைக் குறிப்பிடுக.
3. சுதேசத் தாவரங்களைப் பாதுகாப்பதன் அவசியத்தை விளக்குக.