சேர் பொன்னம்பலம் இராமநாதன்

அரசுக்கு ஆலோசனை கூறுவோர் இருவகையினர். ஆள்வோர் விரும்புவது இதுவென்று குறிப்பறிந்து, அதற்கேற்ற நியாயந் தேடிக் கொடுப்போர் ஒருவகையினர். நியாயம் இதுவென்று கண்டு, ஆள்வோர் முகங் கோணினும் அதனையே எடுத்துரைப்போர் மற்றொரு வகையினர். முன்னையோர்க்குப் பதவி எளிதில் வரும். பின்னையோரால் நாடு பிழைக்கும். இவ்விரண்டாம் வகையினருள் வைத்து எண்ணத் தக்கவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். சட்டத்தொழிலினின்று அரசாலோசனைக்கும், அரசாலோசனையினின்று அரசைத் தட்டிக் கேட்கும் நிலைக்கும் அவர் சென்ற வழியை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

இவர் 1851ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 16ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை ஆக்குவித்த பொன்னம்பல முதலியார். தாயார், சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களின் சகோதரியாராகிய செல்லாச்சி அம்மையார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவருக்கு இளைய சகோதரர். கொழும்பு அக்கடமியிலும், பின்பு சென்னை இராசதானிக் கல்லூரியிலும் இவர் கற்றார். அதன்பின் நாடு திரும்பி, அக்காலத்தில் அரசாங்கத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாயிருந்த சேர் றிச்சட் மோர்கன் என்பாரிடம் சட்டம் பயின்று அப்புக்காத்து ஆயினார்.

இளம் அப்புக்காத்துமார் பலர் வழக்கும் வரும்படியுமே கருத்தாயிருக்க, இவர் வேறொரு பெருந்தொண்டிலும் கைவைத்தார். உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கள் அந்நாளிலே ஒழுங்காய்த் தொகுக்கப்படாமற் சிதறிக் கிடந்தன. முன்னைத் தீர்ப்பே பின்னை வழக்குக்கு அளவுகோலாகும் நாட்டிலே, அத்தீர்ப்புக்கள் கைக்கெட்டாதிருப்பின், வாதிப்போரும் தீர்ப்போரும் இருட்டிலே நடப்போரையே ஒப்பர். இராமநாதர் 1820ஆம் ஆண்டு முதலாகிய பழந் தீர்ப்புக்களைத் தேடியெடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவை அவர் பெயராலேயே வழங்கி, நியாயத்தலங்களில் எடுத்துக்காட்டப் பெற்றன. அதிகாரிகள் முன்பு எவ்விடத்தில் எவ்வாறு நடந்தனர், நீதிபதிகள் அதற்கு என் சொல்லினர் என்பதெல்லாம் இவ்வேலையினால் அவர் உள்ளத்தில் ஊன்றிப் பதிந்தன. பிற்காலத்து அவர் செய்த பெருவாதங்களுக்கு இதுவே வித்தாயிற்றென நாம் எண்ணுகின்றோம்.

1879ஆம் ஆண்டு மே மாதத்தில் தாய்மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி காலஞ்சென்றார். சட்டநிரூபண சபையிலே தமிழர்க்குரிய அவரது ஆசனம், அப்பொழுது இருபத்தெட்டு வயதினராகிய இராமநாதருக்கு அளிக்கப்பட்டது. அந்நாளிலே அச்சபையார் சனங்களாற் றெரிவு செய்யப்பட்டவரல்லர், தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. ஆயினும் நியமித்தவர் முகத்தை நோக்காது, சனங்களின் குறைகளை நோக்கிப் பேசும் வழக்கத்தை இவர் கைக்கொண்டார். 1885ஆம் ஆண்டு வைகாசிப் பூரணை பௌத்தர்க்குப் பொது விடுமுறை நாளாயினமைக்கு உதவியோருள் இவரும் ஒருவர். தம் சமயத்தை உறுதியாகப் பற்றி நின்றவர் அயலார் சமயத்தின் உரிமைக்கும் வாதாடினமை ஈண்டுக் கருதத் தக்கது.

1892ஆம் ஆண்டிலே இவர் சொலிசிற்றர் ஜெனரலாக நியமனம் பெற்று, சபை ஆசனத்தை விட்டு நீங்கினார். துரைத்தனத்தார் செய்யலாவது எது, செய்யலாகாதது எது என்று சட்டங்கொண்டு உரைத்தலும், அரசின் பொருட்டு வழக்காடுதலும் அப்பதவியின் கடமைகள். 1906ஆம் ஆண்டுவரை, ஏறக்குறையப் பதினான்கு வருடம், அவர் அதனை வகித்தார். இடையே 1903ஆம் ஆண்டு அரசரின் நியாயவாதி என்னும் பட்டமும் பெற்றார். அதிகாரம் எவ்வாறு எண்ணுகின்றது, எவ்விடத்தில் அஞ்சுகின்றது, எவ்விடத்தில் வரம்பு கடக்கின்றது என்பவற்றை உள்ளிருந்தே கண்டறிந்த காலம் அது.

அப்பதவிக் காலத்திலும் அவர் ஞான விசாரத்தைக் கைவிட்டாரல்லர். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு சாதனை செய்தார். கிறிஸ்தவ வேதத்தின் மத்தேயு, யோவான் என்பார் நூல்களுக்கு நம்மவர் ஞான நோக்கில் ஆங்கிலத்திலே உரை கண்டார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா சென்று பிரசங்கங்கள் செய்தார்.

பதவியினின்றும் இளைப்பாறியவர் அமைதியாய் இருந்திருக்கலாம். இவரோ மீண்டுஞ் சனங்களிடம் வந்தார். 1911ஆம் ஆண்டிலே, கற்ற இலங்கையர்க்கென முதன்முதல் ஏற்பட்ட தெரிவு ஆசனத்துக்குச் சிங்களவராகிய டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவோடு போட்டியிட்டு வென்றார். வாக்காளருட் சிங்களவரே பெருந்தொகையினர். அவர் புகழோடு, சிங்களவருள் இருந்த சாதிப் பிணக்கும் அவ்வெற்றிக்கு உதவிற்றென்பதை மறைத்தல் தகாது.

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை 1915ஆம் ஆண்டிலே வந்தது. மே மாதக் கடைசியிலே கண்டியிற் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலகம் பல மாகாணங்களிற் பரவிற்று. முஸ்லிம்கள் பலர் உயிரிழந்தனர். கடைகளும் பள்ளிவாயில்களும் அழிவுற்றன. தேசாதிபதி சேர் றொபேட் சால்மெர்ஸ் ஜூன் மாதம் 2ஆந் தேதி இராணுவச் சட்டம் பிறப்பித்தார். கலகம் சில நாட்களில் அடங்கிற்று. இராணுவச் சட்டமோ ஆகஸ்டு மாதம் 30ஆந் தேதிவரை நீடித்தது. விசாரணையின்றிச் சுடப்பட்டோர் சிலர். இராணுவ மன்றங்களால் தண்டிக்கப்பட்டோர் பலர். டி. எஸ். சேனாநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய தலைவர்கள் சிறையிடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை மாதம் 7ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தவற்றுக்காக அதிகாரிகளை எவரும் நியாயத்தலத்திற்கு இழாதபடி காக்கும் கட்டளையும் பிறந்தது.

ஐரோப்பாவிலே மகாயுத்தம் நடந்த காலம் அது. அரசைக் கண்டிப்போரை இராசத்துரோகி என்று சொல்லுதல் எளிது. அறுபத்து நான்கு வயதினராகிய இராமநாதர் அதற்கஞ்சாது சட்டநிரூபண சபையிலே எழுந்து நின்று, இச்செயல்களை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்தார். அவர் வாதத்தின் சாரம் இது: இராணுவச் சட்டத்துக்கு ஆதாரம் அவசியம் ஒன்றே, அவசியம் நீங்கிய பொழுதே அதன் பலமும் நீங்கும், நியாயத்தலங்கள் திறந்திருக்கும்பொழுது குடிகளைப் படைவீரர் விசாரித்தல் முறையன்று. பதினான்கு வருடம் அரசுக்குச் சட்டஞ் சொல்லிய நாவே இதனைச் சொல்லிற்று. ஆதலின், சட்டமறியாதான் கூற்றென்று எவரும் அதனைத் தள்ள இயலவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து நிறைந்திருந்த கடலைக் கடந்து இலண்டன் சென்று, மேலதிகாரிகளிடமும் முறையிட்டார். 1916ஆம் ஆண்டு இவ்விஷயமாக ஆங்கிலத்திலே ஒரு நூலும் வெளியிட்டார். அவர் மீண்டு வந்தபொழுது சிங்களத் தலைவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்ற செய்தி இந்நாட்டில் இன்றும் பேசப்படுகின்றது.

பெரியோர் சரித்திரத்தைப் படிப்போர் குணத்தோடு குற்றத்தையுந் தூக்கிப் பார்த்தல் வேண்டும். அதிகாரிகளின் அநீதியை அவ்வளவு விரிவாய் எடுத்துக் காட்டியவர், கலகத்தில் வீடும் பொருளும் இழந்த முஸ்லிம்களின் துயரை அவ்வளவாய் எடுத்துரைத்தாரல்லர். அச்சமூகத்தார் தமிழினத்தின் கிளையினரே என்று 1888ஆம் ஆண்டில் அவர் எழுதியதும் அவர்கட்கு முன்னரே மனவருத்தத்தை விளைவித்திருந்தது. இவ்விரண்டு புண்களும் நெடுங்காலம் ஆறவில்லை. பிற்காலத்திலே டொனமூர் சங்கத்தார் வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளிக்கச் சொல்லியதையும் அவர் எதிர்த்தார். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கினால் தமிழர் நிலை தாழும் என்று அஞ்சினார். அவ்வச்சம் வீணன்றென்பதைப் பிற்கால வரலாறு காட்டிற்று. ஆயினும் ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்களிக்கலாகாதென்ற கொள்கை நியாயமன்று. அதனை நாம் போற்ற மாட்டோம்.

அவர் சேர் பட்டம் பெற்றது 1921ஆம் ஆண்டு. தேடிய பொருளை அவர் தமக்கென வைத்துக் கொள்ளவில்லை. தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கினார். 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியையும் தாபித்தார். பின்னதன் நிலத்திலேயே 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சர்வகலாசாலை தோன்றிற்று. பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டாமென்றவரே பெண்ணுக்குக் கல்லூரி எடுத்தார். அக்கல்லூரியிற் கற்றோரின் மக்களும் பேரர்களும் வாக்களிக்கின்றனர். 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆந் தேதி இராமநாதர் சிவபதமடைந்தார்.

கற்ற சட்டத்தைப் பதவிக்கு ஏணியாக்குவோர் எக்காலத்தும் உளர். அப்பதவியிற் பெற்ற அறிவையே, பதவி கொடுத்தோர் நெறி தவறியபொழுது அவரைத் தடுக்குங் கேடயமாக்கினார் இராமநாதர். அக்கேடயம் வேற்றினத்தாராகிய சிங்களவரைக் காத்தது. முஸ்லிம்களையும் அவ்வாறே காத்திருப்பின், அவர் பெருமை இன்னும் நிறைவுற்றிருக்கும். நம் பிள்ளைகளுட் சட்டம் பயில்வோர் இவ்விரண்டையும் மறவாதிருத்தல் வேண்டும். துன்புற்றவன் நம்மவனா பிறனா என்று பாராது சொல்லப்படுவதே நியாயம்.