கோப்பை கிடைக்காத கார் பந்தய வீரர்

பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்குக் கோப்பை இல்லை. இரண்டாவதாக வந்தவருக்குக் கோப்பை!

இப்படி ஓர் அநியாயம் அமெரிக்காவில் 1963-ம் ஆண்டு நடந்தது. அன்று முதலாவதாக வந்தவர் ஒரு கறுப்பர். அவர் பெயர் வெண்டல் ஸ்காட்.

அவர் பெயரால் பந்தயச் சங்கம் ஒரு கோப்பையை எடுத்துக் கொடுப்பதற்கு 58 ஆண்டுகள் ஆயின. அதை வாங்கிக்கொள்ள ஸ்காட் உயிரோடு இல்லை. அவர் இறந்தே 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பெரிய முதலாளி யாரும் அவருக்குத் துணை இல்லை. பழைய கார், பழைய டயர், மனைவி, மக்கள். இவ்வளவுதான் அவருடைய பந்தயக் குழு. இதை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் முதல் தரமான பந்தயங்களில் 495 தடவை ஓடினார், அந்த வீரர்.

பிறந்த ஊர்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மாநிலம் வர்ஜீனியா. அங்கே டான்வில் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் பஞ்சாலைகளும் புகையிலைக் கிடங்குகளும் நிறைந்திருந்த ஊர். அங்கேதான் 1921-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி ஸ்காட் பிறந்தார்.

அப்போது அங்கே கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். பஸ்சில் தனி இடம். வெள்ளையர் சாப்பிடும் ஓட்டலுக்குள் அவர்கள் நுழைய முடியாது. சட்டமே அப்படித்தான் இருந்தது. தீண்டாமைக் கொடுமையை அறிந்த நமக்கு இது புதிதாக இராது.

ஸ்காட்டின் தந்தை ஒரு கார் டிரைவர். மெக்கானிக்கும் கூட. பணக்கார வெள்ளையர் குடும்பங்கள் இரண்டுக்குக் கார் ஓட்டினார். ரிப்பேர் வேலையும் பார்த்தார். வேகமாக ஓட்டுவதில் அவர் பெயர் பெற்றவர். கார் வேலையை மகன் அவரிடம்தான் கற்றுக்கொண்டான்.

சிறு வயதிலேயே ஸ்காட்டுக்கு வேகத்தில் ஆசை. வெள்ளைக்காரப் பையன்களோடு சைக்கிள் பந்தயம் விடுவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, மேட்டுத் தெருக்களில் இருந்து பாய்ந்து இறங்குவான்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டான். ஆலை வேலைக்குப் போகவும் மனம் இல்லை. யாருக்கும் கைகட்டி நிற்காத தொழில் வேண்டும் என்று நினைத்தான். டாக்சி ஓட்டினான்.

பிறகு மேரி என்ற பெண்ணை மணந்தார். அது 2-வது உலகப்போர்க் காலம். ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அங்கும் கறுப்பர்களுக்குத் தனிப்படைதான்!

போர் முடிந்து ஊர் திரும்பிய ஸ்காட், சொந்தமாக ஒரு மோட்டார் பட்டறை வைத்தார். குடும்பம் பெருகியது. மொத்தம் 7 குழந்தைகள்.

கள்ளச்சாராயம்

பட்டறை வருமானம் போதவில்லை. இரவு நேரத்தில் இன்னொரு தொழிலில் இறங்கினார். கள்ளச்சாராயம் கடத்தும் தொழில்!

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. மதுவிலக்கு போன பிறகும், வரி கட்டாமல் தப்புவதற்காக மலைப்பகுதிகளில் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சினார்கள். அதை இரவோடு இரவாகக் காரில் கடத்துவார்கள்.

பார்வைக்கு அது சாதாரணக் கார். உள்ளே எஞ்சினை மட்டும் பலமாக மாற்றி வைத்திருப்பார்கள். போலீஸ் கார் துரத்தினால், மலைப்பாதையில் விளக்கை அணைத்துவிட்டுக்கூடப் பறப்பார்கள்.

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கலுக்குப் பஸ்சில் இறங்கியவர்களுக்கு மலை வளைவு எப்படி இருக்கும் என்று தெரியும். பஸ் மெல்லத் திரும்பும்போதே ஆளை ஒரு பக்கம் தள்ளும். அப்படிப்பட்ட பாதையில், நள்ளிரவில், பாட்டில்களை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் போவது என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஸ்காட் ஒரே ஒரு தடவைதான் பிடிபட்டார். அது 1949-ம் ஆண்டு. கோர்ட்டு அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அதன் பிறகும் அவர் அந்தத் தொழிலை விடவில்லை.

செய்தது குற்றம்தான். ஆனால், அவரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் குற்றம்தான்.

போலீசார் கொடுத்த பெயர்

கடையில் விற்கும் காரைப் போலத் தோற்றம் உள்ள கார்களை வைத்து நடத்தும் பந்தயத்துக்கு அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். சாராயம் கடத்திய பல டிரைவர்கள் பகலில் இந்தப் பந்தயங்களில் ஓடினார்கள். இவற்றை ஒழுங்குபடுத்த பில் பிரான்ஸ் என்பவர் 1948-ல் ஒரு சங்கம் அமைத்தார். அதுதான் நாஸ்கார்.

சென்னையை அடுத்த சோழவரத்தில், பழைய விமானத் தளத்தில் முன்பு கார் பந்தயங்கள் நடந்தன. அதைப் பார்க்க மக்கள் திரண்டு வந்ததைப் போல, அமெரிக்கச் சிற்றூர்களிலும் பந்தயத் திடலில் கூட்டம் அலைமோதும். டான்வில் திடலிலும் அப்படித்தான். கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்து ஸ்காட் பந்தயம் பார்ப்பார்.

1952-ல் அந்த ஊரில் பந்தயம் நடத்தியவர்கள் நாஸ்காருக்குப் போட்டியான வேறு ஒரு கூட்டத்தார். கூட்டம் சேர்க்க அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு கறுப்பரை ஓட விட்டால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள் அல்லவா?

வேகமாக ஓட்டும் கறுப்பர் யார்? போலீசாரிடம் போய்க் கேட்டார்கள். துரத்தித் துரத்திக் களைத்துப் போனவர்கள் போலீசார்தானே! அவர்கள் ஸ்காட் பெயரைச் சொன்னார்கள்.

1952-ம் ஆண்டு மே 23-ந் தேதி ஸ்காட் முதல் முறையாகப் பந்தயத்தில் ஓடினார். கார் பழுதாகிப் பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஆனாலும் அன்றே அவர் மனதில் ஒரு முடிவு பிறந்துவிட்டது. இனி பந்தயம்தான் வாழ்க்கை!

திருப்பி அனுப்பினார்கள்

மறுநாளே காரை இழுத்துக்கொண்டு, நாஸ்கார் பந்தயம் நடந்த வேறு ஓர் ஊருக்குப் போனார். கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கண்ணீரோடு வீடு திரும்பினார்.

சில நாட்களில் மற்றோர் ஊருக்குப் போனார். அங்கும் அதே பதில். வேண்டுமானால் காரை ஒரு வெள்ளையரிடம் கொடு, அவர் ஓட்டட்டும் என்றார்கள். ஸ்காட் மறுத்துவிட்டார். அவர் கட்டிய கார். அதை அவர்தான் ஓட்டுவார்.

மற்றக் கூட்டத்தார் நடத்திய பந்தயங்களில் ஓடினார். முதல் பந்தயம் ஓடிய 12-வது நாளே, லிஞ்ச்பர்க் என்ற ஊரில் ஒரு சிறு பந்தயத்தில் வென்றார்.

வேண்டுமென்றே அவர் காரில் வந்து மோதியவர்கள் உண்டு. வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் உண்டு. திருப்பி அடித்தால் அன்றோடு பந்தய வாழ்வு முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

அவருடைய திறமையைப் பார்த்துச் சில வெள்ளை வீரர்கள் நண்பர்கள் ஆனார்கள். சண்டைக்கு வந்தவர்களைத் தடுத்து, அவருக்குக் காவலாக நின்றவர்களும் உண்டு.

நாஸ்கார் லைசென்சு ஒரு சிறிய அதிகாரி மூலமாகக் கிடைத்தது. ரிச்மாண்டு நகரில் ஒரு பந்தயத்துக்கு மைக் போஸ்டன் என்பவர் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் பெரிய பதவியில் உள்ளவர் அல்ல. ஆனால், லைசென்சு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஸ்காட் அவரிடம் போய்க் கேட்டார். வரப்போகும் கஷ்டங்களை எடுத்துச் சொல்லிவிட்டு, போஸ்டன் லைசென்சு கொடுத்தார்.

1959-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு பிரிவில் ஸ்காட் சாம்பியன் ஆனார்.

குடும்பமே குழு

1961-ல் நாஸ்காரின் முதல் தரப் பந்தயத்தில் நுழைந்தார். அங்கே போட்டி கடுமை. பெரிய வீரர்களுக்குக் கார் கம்பெனிகள் உதவி செய்தன. புது எஞ்சின், புது டயர், சம்பளத்துக்கு மெக்கானிக்குகள் என்று எல்லாம் தயாராக இருக்கும்.

ஸ்காட்டுக்கு என்ன இருந்தது?

மற்றவர்கள் ஓட்டிக் கழித்த காரை வாங்குவார். அவரே பிரித்து, அவரே பூட்டுவார். மற்றவர்கள் ஒதுக்கிய டயர்களை வாங்கி மாட்டுவார். மகன்கள் வெண்டல், பிராங்க் இருவரும்தான் மெக்கானிக்குகள். பையன்களாக இருந்தபோதே அவர்கள் கையில் ஸ்பானர் ஏறிவிட்டது.

பந்தயம் நடக்கும் ஊர் பல நூறு மைல் தூரத்தில் இருக்கும். வழியில் பல ஓட்டல்களில் கறுப்பர்களுக்குச் சாப்பாடும் கிடையாது, தங்க இடமும் கிடையாது. வீட்டில் இருந்தே உணவு கட்டிக்கொண்டு போவார்கள். வண்டியிலேயே படுத்துத் தூங்குவார்கள்.

பந்தயம் முடிந்ததும் கிடைத்த பணத்தை எண்ணிப் பார்ப்பார்கள். அடுத்த பந்தயத்துக்கு உதிரிப் பாகம் வாங்க வேண்டும். வீட்டில் உலையும் கொதிக்க வேண்டும். காரை உடைக்காமல் கடைசி வரை ஓட்டி, கிடைத்த இடத்துக்கு உரிய பணத்தை வாங்கி வருவதே ஸ்காட்டின் வழக்கம். பழைய கார் உடைந்தால், புதுக் கார் வாங்கிக் கொடுக்க யாரும் இல்லை.

1963 டிசம்பர் 1

1963-ம் ஆண்டு அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லிலேயே, உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்களைப் போலீசார் தடியால் அடித்தார்கள். ஆகஸ்டு 28-ந் தேதி தலைநகர் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். சுமார் 2½ லட்சம் பேர் திரண்டார்கள். நவம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதில் இருந்து 9-வது நாள். புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் நகரில் பந்தயம். அரை மைல் மண் தடம். 200 சுற்றுகள் ஓட வேண்டும். தடம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. நல்ல நல்ல கார்கள் எல்லாம் அடிபட்டுப் பின்தங்கின.

ஸ்காட் ஓட்டியது ஒரு ஷெவர்லே கார். நெட் ஜாரட் என்ற வீரரிடம் இருந்து வாங்கிய பழைய கார். அதன் எண் 34.

இன்னும் 25 சுற்றுகள்தான் பாக்கி. புகழ் பெற்ற வீரர் ரிச்சர்டு பெட்டியின் கார் தடுமாறியது. ஸ்காட் அவரை முந்தினார்!

200 சுற்றுகளும் முடிந்தன. ஆனால், பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டம் போட்ட கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. ஸ்காட் மேலும் 2 சுற்று ஓடினார். பின்னால் வந்த பக் பேக்கர் என்ற வெள்ளை வீரருக்குக் கொடி அசைந்தது. அவரே வென்றவர் என்று அறிவித்தார்கள். கோப்பை அவர் கைக்குப் போயிற்று.

ஸ்காட் விடவில்லை. சுற்றுக்கணக்கைச் சரி பார்க்கச் சொன்னார். சுமார் 2 மணி நேரம் கழித்து முடிவு வந்தது. ஸ்காட்தான் முதலாவது. அதுவும் 2 சுற்று முன்னால்!

அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கோப்பையும் போய்விட்டது. பரிசுப் பணம் மட்டும் அவருக்குக் கிடைத்தது. பிறகு ஒப்புக்கு ஒரு மரக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

கணக்கில் தவறு நேர்ந்தது என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். ஸ்காட் அதை நம்பவில்லை. வென்றவரை மேடையில் ஓர் அழகி முத்தமிட்டு வாழ்த்துவது அங்கே வழக்கம். ஒரு கறுப்பரை வெள்ளைப் பெண் முத்தமிடுவதைக் கூட்டம் பொறுக்காது. அதற்குப் பயந்துதான் இப்படிச் செய்தார்கள் என்று அவர் கடைசி வரை நம்பினார்.

கடைசி ஓட்டம்

அடுத்த ஆண்டு, 1964-ல், நிற வேறுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஆனால், ஸ்காட்டுக்கு உதவி செய்யப் பெரிய கம்பெனி எதுவும் வரவில்லை.

அப்படியும் 1966-ல் ஆண்டு முழுவதற்குமான புள்ளிக் கணக்கில் 6-வது இடம் பிடித்தார். தொடர்ந்து 4 ஆண்டுகள், முதல் 10 பேரில் ஒருவராக இருந்தார். பழைய டயரும் பட்டறைக் காரும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார்.

1973-ல் கடன் வாங்கி நல்ல கார் ஒன்று தயார் செய்தார். அலபாமா மாநிலத்தில் டல்லடேகா பந்தயத் தடம். ஒரு சுற்று 4 கிலோ மீட்டருக்கு மேல். பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் சுமார் 20 கார்கள் ஒன்றோடொன்று மோதின. அதில் ஸ்காட்டும் சிக்கினார். எலும்புகள் பல முறிந்தன. கார் நொறுங்கியது. கடன் மட்டும் மிஞ்சியது.

அதே ஆண்டு ஒரே ஒரு பந்தயத்தில் ஓடி, 12-வதாக வந்தார். அதோடு முதல் தரப் பந்தயத்தில் இருந்து விலகினார். அப்போது வயது 52.

495 பந்தயங்களில் 147 தடவை முதல் 10 இடங்களுக்குள் வந்திருக்கிறார். வெற்றி ஒன்றே ஒன்று. கோப்பை போன அந்த வெற்றிதான்!

மறுபடியும் பட்டறைக்குத் திரும்பினார். 1977-ல் அவருடைய கதையை ஹாலிவுட்டில் சினிமாவாக எடுத்தார்கள். நடிகர் ரிச்சர்டு பிரையர், ஸ்காட்டாக நடித்தார். 1990-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, புற்றுநோயால் ஸ்காட் இறந்தார். வயது 69.

கோப்பை வந்தது

மேரியும் பிள்ளைகளும் கோப்பையை மறக்கவில்லை. 2010-ல் ஜாக்சன்வில் பந்தய அன்பர்கள் ஒரு மாதிரிக் கோப்பை செய்து கொடுத்தார்கள். 2015-ல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் ஸ்காட் பெயர் இடம் பெற்றது. அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பர் அவரே.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி டேடோனா நகரில், ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில், நாஸ்கார் சங்கமே ஸ்காட் குடும்பத்துக்குக் கோப்பையைக் கொடுத்தது. மகன் பிராங்க் அதைப் பெற்றுக்கொண்டார். சிறுவனாக இருந்தபோது தந்தையின் காருக்கு டயர் மாட்டிய அதே பிராங்க்!

மறுநாள் ஸ்காட்டின் 100-வது பிறந்த நாள்.

அதன் பிறகு ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 4-ந் தேதி முதல் தரப் பந்தயம் ஒன்றில் பப்பா வாலஸ் என்ற இளைஞர் வென்றார். ஸ்காட்டுக்குப் பிறகு வென்ற முதல் கறுப்பர் அவர். ஸ்காட்டின் கார் நொறுங்கிய அதே டல்லடேகா தடத்தில்தான் அந்த வெற்றி. இந்தத் தடவை, கோப்பை அன்றே வென்றவர் கைக்கு வந்தது.