கருவியின் பின் நின்றவர்

திருக்கோயிலின் வனப்பைக் கண்டு வியப்போர், அதனை எடுப்பித்த அரசன் பெயரை வினவுவர்; உளி பிடித்த சிற்பியின் பெயரை வினவுவார் அரியர். ஊமைப்பட உலகில் அச்சிற்பியின் நிலையில் நின்றவர் பில்லி பிட்சர் என்னும் அமெரிக்கர்.

இவர் 1872-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரிப் பகுதியில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் வெள்ளி வேலை பழகினார். பின்னர் மின்சாரத் தொழிலும் கற்றார். 1894-இல் நியூயார்க்கில், புதுமைப் பொருள்கள் விற்கும் ஒரு கம்பெனியில் அமர்ந்தார். அதன் தொடர்பாகவே பயோகிராப் படக் கம்பெனி தோன்றிற்று. ஆகவே, சலனப் படமும் பிட்சரும் ஒருங்கே வளர்ந்தனர் எனலாம்.

அக்காலத்தில் படம்பிடிப்போர்க்குக் கதிரவன் ஒளியே துணை. அவ்வெல்லையைக் கடக்க முயன்றவருள் பிட்சரும் ஒருவர். 1899-இல் கோனித் தீவில் ஜெப்ரீஸ், ஷார்க்கி என்போர் இரவில் நிகழ்த்திய குத்துச்சண்டை, தலைக்குமேல் தொங்கிய ஏறக்குறைய 400 ஆர்க் விளக்குகளின் ஒளியில் படமாக்கப்பட்டது. அப்பணியில் இவர் பங்குகொண்டார். 1905-இல் நியூயார்க்கின் சுரங்க இருப்புப் பாதையில் ஒரு வண்டியின் முகப்பில் காமிராவை அமைத்தார்; அயற்பாதையில் விளக்கேந்திய வண்டியொன்று உடன் செல்ல, முன்னோடும் வண்டியைப் பின்தொடர்ந்து படம்பிடித்தார்.

1908-இல் நடிகர் கிரிபித் அக்கம்பெனியில் இயக்குநரானார். புதியவரான அவருக்குத் தொழில் நுட்பங்களை எடுத்துரைத்துத் துணைநின்றவர் பிட்சர். இருவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான படங்கள் ஆக்கினர். முகத்தை அண்மையிற் காட்டுதல், பின்னொளியால் கூந்தலை மிளிரச் செய்தல், காட்சியின் ஓரங்களை இருளாக்கி வட்டமாய்ச் சுருக்குதல் ஆகியன இவர்கள் கையில் கதை சொல்லும் மொழியாயின. 1916-இல் வெளிவந்த ‘இன்டாலரன்ஸ்’ படத்தில், தண்டவாளத்தின்மீது உருளும் கோபுரத்திலிருந்து இறங்கியபடியே பாபிலோன் மாநகரை இவரது காமிரா கண்டது.

நிற்க. அதற்கு முந்திய ஆண்டாகிய 1915-இல் இவர்கள் அளித்த ‘பர்த் ஆப் எ நேஷன்’ படத்தை மறைத்தல் நேர்மையன்று. பிட்சர் தாம் ஈட்டிய பொருளையும் அதில் இட்டார். படம் பெருவெற்றி கண்டது. ஆயினும், அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, அவர்களைக் கொடுமை செய்த கூட்டத்தாரை வீரராகக் காட்டிற்று. பல நகரங்களில் எதிர்ப்பு மூண்டது. அழிந்துபோயிருந்த அக்கூட்டமும் அவ்வாண்டிலேயே மீண்டும் உயிர்பெற்றது. பொய்க்கு ஒளியூட்டிய கையும் அப்பொய்யில் பங்குடையதே அன்றோ?

பின்னர்க் கிரிபித் வேறு படம்பிடிப்பாளரையும் உடன் சேர்த்துக்கொண்டார், பேசும்படமும் வந்தது. பிட்சருக்கு வேலை குறைந்தது, வறுமை சூழ்ந்தது. முதுமையில் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் திரைப்பட நூலகத்தில் பழம் படங்களைப் பேணும் பணிக்கு உதவினார். 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், தமது 72-ஆம் வயதில் கலிபோர்னியாவில் மறைந்தார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1973-இல்தான் அச்சேறியது.

புகழைத் தேடாது தொழிலே கண்ணாயிருந்த அவரது உழைப்பு நமக்கு எடுத்துக்காட்டு. எனினும், கைத்திறம் எத்துணைச் சிறப்பினும், அது எதற்குப் பயன்படுகின்றது என ஆராய்தல் திறமுடையார் கடனாகும். பிட்சர் வாழ்வு இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துகின்றது.