செவிலியர் பள்ளி கண்ட செல்வியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து நாட்டில் மருத்துவமனைச் செவிலியர் என்றால் நன்மக்கள் முகஞ்சுளிப்பர். அவருட் பலர் எழுத்தறிவும் பயிற்சியும் இல்லாதவர். குடிப்பழக்கம் உடையாரும் அவரிடை இருந்தனர். வேறு பிழைப்பு வாய்க்காதவரே பெரும்பாலும் அப்பணியை நாடினர். இத்தகைய காலத்தில் செல்வக்குடியிற் பிறந்த நங்கை ஒருத்தி செவிலியாக விரும்பினால் பெற்றோர் எங்ஙனம் இசைவர்?

அவ்வாறு விரும்பியவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். இவர் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலியிலுள்ள பிளாரன்சு நகரில் தோன்றினார். அந்நகரின் பெயரே இவருக்கும் பெயராயிற்று. தந்தையாரிடம் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றார். கணிதத்தில் இவருக்கிருந்த வேட்கை பெரிது. பெற்றோரின் தடையோடு பல்லாண்டு போராடி, 1851இல், தம் முப்பத்தோராம் அகவையில், செருமனி நாட்டுக் கைசர்சுவெர்த்து என்னும் ஊருக்குச் சென்று மூன்று திங்கள் செவிலிப் பயிற்சி பெற்றார்.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தபோது, முப்பத்தெட்டுப் பெண்டிருடன் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். கைவிளக்குடன் இரவில் அவர் நோயாளரிடையே உலவிய காட்சியை உலகம் மறக்கவில்லை. அக்காட்சியினும் பெரியது அங்கே அவர் பெற்ற படிப்பினை. புண்பட்டு மாண்டாரினும் நோயுற்று மாண்டாரே மிகப் பலர். மறு ஆண்டு, கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடைகள் துப்புரவு செய்யப்பெற்ற பின்னரே சாவு பெரிதும் குறைந்தது. நாடு திரும்பிக் கணக்கெடுத்து ஆராய்ந்தபோதுதான் இவ்வுண்மை அவருக்கே முழுமையாக விளங்கிற்று. அன்புடைமை மட்டும் நோயாளரைக் காவாது. அறிவும் பயிற்சியும் வேண்டும் எனத் தெளிந்தார்.

நன்றியறிந்த மக்கள் அவர் பெயரால் 44,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டி அளித்தனர். அதனைக்கொண்டு 1860இல் இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. முதற்கண் சேர்ந்தவர் பதினைவர். பயிற்சிக்காலம் ஓராண்டு. உணவும் உறையுளும் உடையும் இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன். காலந்தவறாமை, அமைதி, தூய்மை, நம்பகம் ஆகிய ஒழுக்கங்களும், புண் கட்டுதல் முதலிய தொழில் திறங்களும் தனித்தனியே மதிப்பிடப்பெற்றுத் திங்கள்தோறும் ஏட்டில் ஏறின. ஆண்டு முடிவில் தகுதியுற்றார் பெயர் பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பெற்றது. நோய்வாய்ப்பட்டு வீட்டிலேயே தங்கிய அம்மையார், பள்ளியைச் செவிலியர் தலைவியாகிய வார்டுரோப்பர் அம்மையாரின் பொறுப்பில் விட்டிருந்தார். எனினும் 1872இல், விரிவுரைகள் செவ்வனே நடைபெறவில்லை என அறிந்ததும் வாளாவிருந்தாரல்லர்; குறை களையப் பாடுபட்டார். அதன்பின் மாணவியரைத் தம் இல்லத்திற்கு அழைத்து உரையாடினார். அவர் அளித்த தேநீர் விருந்தும் ஒரு தேர்வே போலும்!

இப்பயிற்சி பெற்றாரை எங்கும் விரும்பி அழைத்தனர். ஆக்னசு ஜோன்சு என்பார் 1865இல் பன்னிரு செவிலியருடன் இலிவர்ப்பூல் ஏழையர் மருத்துவமனைக்குச் சென்று, மூன்றாண்டில் நச்சுக்காய்ச்சலுக்கு இரையானார். உலூசி ஆசுபர்ன் ஐவருடன் 1868இல் சிட்னி நகரடைந்தார்.

சிற்றூர்களுக்கு மருத்துவச்சியரைப் பயிற்றுவான் வேண்டி, மற்றொரு மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியோ நிலைக்கவில்லை. அங்கே மகப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் இறந்தனர். உடனே 1867இல் அப்பள்ளி மூடப்பெற்றது. அத்தோல்வியை அவர் மறைத்தாரல்லர். பிற இடங்களின் சாவுக் கணக்கையும் தொகுத்து, 1871இல் நூலாகவே வெளியிட்டார்.

1887இல் பெருவழக்கொன்று எழுந்தது. மூன்றாண்டு பயின்றார் பெயரை நாட்டுக்குப் பொதுவான பதிவேட்டில் ஏற்றவேண்டும் எனப் புதிய சங்கத்தார் கிளர்ந்தனர். பயிலாதவளும் செவிலியுடை உடுத்து வீடு புகுந்தால் நோயாளர் எங்ஙனம் அறிவர் என்பது அவர் வினா. நியாயமான வினாவே. ஆயின், செவிலியர் கல்விக்கு வழிகண்ட நைட்டிங்கேல் அம்மையாரே அதனை எதிர்த்தார். தேர்வு ஒருநாளைய அறிவை அளக்குமேயன்றிக் குணத்தை அளவாது. இன்று நல்லவளாகப் பதிவு பெற்றவள் பத்தாண்டில் தேய்ந்துபோதலும் கூடும். பெயர் ஏறிவிட்டதென்று கற்பதை நிறுத்துவாரும் உளராவர் என்பன அவர் கருத்துகள். அக்கருத்துகளில் உண்மை உண்டு. எனினும் ஏமாற்றப்படும் நோயாளர்க்கு அவை மறுமொழியாகா.

வழக்கு முடியுமுன்னரே, 1910ஆம் ஆண்டு ஆகத்து 13ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் அம்மையார் உயிர் நீத்தார். செவிலியர் பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறிற்று. அதன்வழி எழுந்த பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்ற பெயர், அம்மையாரை எதிர்த்து முப்பதாண்டு போராடிய பென்விக் அம்மையாருடையது.