துபாஷியின் அதிகாரமும் அதன் எல்லையும்

உப்பளத்திலிருந்து வடக்கே நடந்தால், புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதி வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் அங்கு நிற்கிறது. துபாஷி என்றால் இருமொழியாளர் என்று பொருள். ஆனால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வருவிப்பவர், அதற்குப் பிணை நிற்பவர், நவாபின் அரசவை நிலவரத்தை ஆளுநருக்கு எடுத்துரைப்பவர் எல்லாம் அவரே. மொழியறியாத கம்பெனிக்கு அவர் இல்லாமல் வணிகமே இல்லை.

1709-இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்த பிள்ளை, இளமையிலேயே தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் புதுவைக்கு வந்தார். அப்பதவி எத்தனை ஆபத்தானது என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். நெருங்கிய உறவினரும் துபாஷியுமான நைனியப்ப பிள்ளை 1716-இல் கைது செய்யப்பட்டு, சொத்துகள் பறிக்கப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். அவர்மீது சுமத்தப்பட்ட பழி பின்னர் பிரான்சில் நீக்கப்பட்டது. போன உயிர் மீளவில்லை.

ஆயினும் பிள்ளை அதே பாதையில்தான் நடந்தார். பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையை நிர்வகித்தார். சொந்தக் கப்பலில் சரக்கு அனுப்பினார். கனகராய முதலியார் 1746-இல் மறைந்தபின், ஆளுநர் டூப்ளேயின் மனைவியுடைய பகையையும் மீறித் தலைமைத் துபாஷியானார். முசாபர் ஜங் அவருக்கு மன்சப்தார் பட்டம் அளித்தார்.

அந்தச் செல்வாக்கின் எல்லை 1748-இல் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க பிரெஞ்சுக்காரர் உத்தரவிட்டனர். நகரின் தலைசிறந்த தமிழராயிருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. இடைத்தரகரின் அதிகாரம் இரவல் அதிகாரம்; எசமானர் விரும்பும்வரை மட்டுமே செல்லுபடியாகும். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டதும் பிள்ளையின் செல்வாக்குச் சரிந்தது. 1756-இல் பதவியும் போயிற்று. முற்றுகையில் சிக்கிய புதுவை ஆங்கிலேயரிடம் சரணடைந்த 1761 சனவரியிலேயே அவரும் காலமானார்.

1736 செப்டம்பர் 6 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பு மட்டும் எந்த எசமானரையும் சாராதிருந்தது. கப்பல் வரவு, துணி விலை, வழக்குகள், ஆளுநர் மாளிகை வம்புகள் என அனைத்தும் அன்றைய பேச்சுத் தமிழிலேயே அதில் பதிவாயின. அவருடைய சாதிப் பெருமிதமும் தன்னலமும்கூட மறைக்கப்படவில்லை. 1846-இல் கலுவா மொம்பிரேன் அதைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது.

பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவர் என்று ஒதுக்குவதும், தேசப்பற்றாளர் என்று உயர்த்துவதும் ஒருசேரப் பிழை. காலனி ஆட்சி உள்ளூர்க் கைகளின்றி ஒரு நாளும் நடந்ததில்லை. அக்கைகள் எதைப் பெற்றன, எதை இழந்தன என்பதை ஒரு தமிழரே நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார். நாட்குறிப்பின் மூலத் தமிழை மாணவர் கையில் கொடுப்பதே, வீதிக்குப் பெயர் சூட்டியதைக் காட்டிலும் நாம் செய்ய வேண்டிய மரியாதை.