விண்வழி கண்ட வித்தகர் இராபர்ட் கோடார்ட்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் சில பயிர்கள் முளையிலே வாடுகின்றன. நோயும் ஏளனமும் வறட்சியும் அவற்றைத் தாக்குகின்றன. அவற்றையும் தாங்கி நின்று, தாம் மறைந்த பின்னர் உலகுக்கே நிழல் தரும் மரமாகிவிடுகின்றன. அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நாம் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலத்தின் நடுவே வூஸ்டர் என்றொரு நகரம் இருக்கிறது. பாஸ்டனுக்கு மேற்கே உள்ள இந்நகரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நியூயார்க்கைப் போலவோ சிகாகோவைப் போலவோ பெரும் பெயர் படைத்த ஊர் அன்று. ஆயினும் அது கல்விக்குப் பேர்போன ஊர். இயேசு சபையார் நடத்தும் திருச்சிலுவைக் கல்லூரி 1843-ஆம் ஆண்டிலேயே அங்கே தோன்றியது. அமெரிக்க அமைச்சரவையில் 1933-ஆம் ஆண்டு முதன்முதலாக இடம் பெற்ற பெண்மணி பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் வளர்ந்தது அந்நகரில்தான். கவிஞர் எலிசபெத் பிஷப் 1911-ஆம் ஆண்டு பிறந்ததும் அங்கேதான். 1882-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், அந்நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் இராபர்ட் ஹச்சிங்ஸ் கோடார்ட். திரவ எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டை உலகில் முதன்முதலாகப் பறக்கவிட்டவர் அவரே.

இளமையில் இராபர்ட் நோயாளிப் பிள்ளை. அடிக்கடி படுக்கையில் விழுவார். பள்ளிப் படிப்பு பல முறை தடைப்பட்டது. அவருடைய அன்னைக்கோ காசநோய். பாஸ்டனில் சில காலம் வாழ்ந்த குடும்பம் 1898-ஆம் ஆண்டு வூஸ்டருக்கே திரும்பி வந்தது. உடன் பயின்றவர்கள் மேல் வகுப்புகளுக்குச் சென்றுவிட, இவர் பின்தங்கி நின்றார். ஆனால் படுக்கையில் கிடந்த காலம் வீண்போகவில்லை. நூலகத்திலிருந்து நூல்களைத் தருவித்து ஓயாமல் படித்தார். செவ்வாய்க் கோளிலிருந்து பகைவர் படையெடுத்து வருவதாக எச்.ஜி. வெல்ஸ் எழுதிய கற்பனைக் கதை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஒரு முறை அலுமினியத்தால் பலூன் செய்து பறக்கவிட முயன்றார். கனம் மிகுந்ததால் அது எழும்பவே இல்லை. தோல்வியைத் தம் நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள். இராபர்ட்டுக்கு அப்போது வயது 17. வீட்டுக்குப் பின்னால் இருந்த செர்ரி மரத்தில் பட்டுப்போன கிளைகளைக் கழிப்பதற்காக ஏறினார். மரத்தின் மேலிருந்து சுற்றிலும் விரிந்த வயல்களை நோக்கியபோது, செவ்வாய்க் கோள் வரை செல்லக்கூடிய ஒரு கருவியைச் செய்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அக்கருவி புல்வெளியிலிருந்து சுழன்று மேலெழுவதை அவர் மனக்கண்ணால் கண்டார். மரத்திலிருந்து இறங்கியபோது தாம் வேறொரு மனிதராகிவிட்டதாக உணர்ந்தார். வாழ்வுக்கு ஒரு நோக்கம் கிடைத்துவிட்டது. அன்று முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 19-ஐத் தம் தனிப்பட்ட திருநாளாகவே நினைவுகூர்ந்து வந்தார்.

கனவு காண்பது எளிது. அதற்குரிய கணக்கைக் கற்பது கடினம். கணிதத்தில் தமக்கு இயல்பான நாட்டம் இல்லை என்று கருதியவர், பறப்பதற்கு இயற்பியலும் கணிதமும் இன்றியமையாதவை என உணர்ந்ததும் அவற்றையே விடாப்பிடியாகப் பயின்றார். 1904-ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்கு வயது 21. மற்றவர்கள் 17, 18 வயதில் முடிக்கும் படிப்பு அது! ஆயினும் வகுப்பின் முதல் மாணவராக அவரே பட்டமளிப்பு உரை நிகழ்த்தினார். எதையும் முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டலாகாது என்பதே அவ்வுரையின் சாரம். பின்னர் வூஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 1908-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கே மாணவராக இருந்தபோதே இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில் ஒரு வெடிமருந்து இராக்கெட்டைப் பற்றவைத்து, கட்டடத்தைப் புகையால் நிரப்பியதும் உண்டு. அதே ஊரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911-ஆம் ஆண்டு டாக்டர் பட்டமும் பெற்றார்.

1913-ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. அன்னையை வாட்டிய காசநோய் மகனையும் பற்றியது. சில வாரங்களே உயிர் தரிப்பார் என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். அக்காலத்தில் காசநோய்க்கு இன்று உள்ளதுபோன்ற மருந்துகள் கிடையா. ஓய்வும் தூய காற்றுமே மருந்து. கோடார்ட் படுக்கையில் கிடந்தவாறே தம் எண்ணங்களை எழுத்தில் வடித்தார். மெல்ல மெல்ல உடல் தேறியது. 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று, பல அடுக்குகளாக அமைந்து ஒன்றன்பின் ஒன்றாக எரியும் இராக்கெட்டு. மற்றொன்று, திரவ எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டு. நிலவுக்கு மனிதனைக் கொண்டு சென்ற இராக்கெட்டில் இவ்விரண்டு கருத்துகளுமே இருந்தன.

இங்கே ஓர் ஐயத்தை நாம் தீர்த்துக்கொள்ள வேண்டும். காற்றே இல்லாத வெளியில் இராக்கெட்டு எதை உதைத்து முன்னே செல்லும்? ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் காற்று ஒருபுறம் வெளியேற, பலூன் மறுபுறம் பாய்வதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பலூன் வெளிக்காற்றை உதைப்பதால் அன்று. தன்னுள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுவதாலேயே அது எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. ஆகவே இராக்கெட்டுக்கு வெளிக்காற்று வேண்டுவதில்லை. கோடார்ட் இதனைக் கணக்கோடு விட்டுவிடவில்லை. காற்று நீக்கப்பட்ட கலத்தினுள் சிறு இராக்கெட்டுகளை எரித்து, வெற்றிடத்திலும் உந்துவிசை உண்டு என்பதைச் சோதனையால் காட்டினார்.

ஸ்மித்சோனியன் நிறுவனம் 1917-ஆம் ஆண்டு அவருக்கு 5,000 டாலர் உதவி வழங்கியது. அவர் ஆராய்ச்சியை 1919 என்ற ஆண்டுக் குறிப்போடு சிறு நூலாகவும் வெளியிட்டது. வானிலைக் கருவிகளை மிக உயரத்துக்கு அனுப்புவது பற்றியதே அந்நூலின் பெரும்பகுதி. இராக்கெட்டு ஒன்று நிலவை அடைந்து அங்கே வெளிச்சம் எழுப்புவதும் கூடும் என்று இறுதியில் ஓரிடத்தில் கூறியிருந்தார். அவ்வளவுதான்! செய்தித்தாள்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டன. 1920-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் தன் தலையங்கத்தில் அவரை எள்ளி நகையாடியது. காற்றில்லா வெளியில் இராக்கெட்டு இயங்காது என்றும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கற்கும் அறிவுகூட இப்பேராசிரியருக்கு இல்லை என்றும் பொருள்பட எழுதியது. தவறு ஏட்டின்மீது, தலைகுனிவோ சோதனை செய்து காட்டியவர்மீது! அதே மாதத்தின் இறுதியில் அவருடைய அன்னையும் காலமானார்.

இந்த ஏளனம் கோடார்ட்டின் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. அவர் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கண்டறிந்ததை வெளியிடத் தயங்கினார். ஒரு சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு உழைத்தார்.

இந்நிலையில் அவர் வாழ்வில் துணையாக வந்தவர் எஸ்தர் கிஸ்க் அம்மையார். கிளார்க் பல்கலைக்கழக அலுவலகத்தில் பணிபுரிந்த அவர், கோடார்ட்டின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சுச் செய்து கொடுத்தார். 1924-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்று முதல் சோதனைகளைப் புகைப்படம் எடுப்பதும், இராக்கெட்டுக்கான பாராசூட்டுகளைத் தைப்பதும், சோதனைத் தளத்தில் புல்லில் பற்றிய தீயை அணைப்பதும் அவ்வம்மையாரின் பணிகளாயின.

1926-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள். வூஸ்டரை அடுத்த ஆபர்ன் என்னும் ஊரில், கோடார்ட் எஃபி அத்தை என்று அழைத்த உறவினரின் பண்ணை. தரையில் பனி உறைந்து கிடந்தது. கோடார்ட், எஸ்தர், உதவியாளர் ஹென்றி சாக்ஸ், உடன் பணியாற்றிய ஆசிரியர் பெர்சி ரூப் ஆகிய நால்வரே அங்கிருந்தனர். சுமார் 10 அடி உயரத்தில், மெல்லிய குழாய்களால் ஆன ஒரு சட்டம். மேலே இயந்திரம், கீழே ஒரு கலத்தில் பெட்ரோல், மறு கலத்தில் திரவ ஆக்சிஜன். உறைநிலைக்கு 183 டிகிரி கீழே குளிர்ந்தால்தான் ஆக்சிஜன் திரவமாகும். கொளுத்தவும் உறையவும் வல்ல இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கியது அக்காலத்தில் அருஞ்செயல். நீண்ட கோலின் நுனியில் கட்டிய தீக்கருவியால் சாக்ஸ் இயந்திரத்தைப் பற்றவைத்தார்.

முதலில் இராக்கெட்டு அசையவில்லை. இரைச்சலோடு சிறிது நேரம் எரிந்தது. எரிபொருள் குறைந்து எடை தணிந்ததும் மெல்ல எழும்பியது. பின்னர் விரைந்தது. 41 அடி உயரம் சென்று, 184 அடி தொலைவில் முட்டைக்கோசுப் பாத்தியில் விழுந்தது. பறந்த நேரம் இரண்டரை விநாடி! ஒரு தென்னை மரத்தின் உயரந்தான். எஸ்தர் அம்மையாரின் திரைப்படக் கருவியில் இருந்த சுருளோ இராக்கெட்டு எழும்புமுன்பே தீர்ந்துவிட்டது. எனவே அந்த முதற்பறப்பின் படம் உலகில் இல்லை. கூட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆயினும் விண்வெளி ஊழியின் வாயிற்கதவு அன்றுதான் திறந்தது.

1929-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் காற்றழுத்தமானியும் புகைப்படக் கருவியும் ஏந்திய இராக்கெட்டு ஒன்றைச் செலுத்தினார். அதன் பேரோசை கேட்டு விமானம் விழுந்துவிட்டதென்று எண்ணி, காவலரும் மருத்துவ வண்டியும் ஓடி வந்தனர். மீண்டும் செய்தித்தாள்களின் கேலி! சொந்த மாநிலத்தில் சோதனைக்குத் தடையும் வந்தது. ஆனால் இம்முறை தீமையிலும் ஒரு நன்மை விளைந்தது. அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்த வீரர் சார்லஸ் லிண்ட்பர்க், செய்தியறிந்து கோடார்ட்டைத் தேடி வந்தார். அவருடைய பரிந்துரையால் டேனியல் குகன்ஹைம் என்ற செல்வர் 1930-ஆம் ஆண்டு 1,00,000 டாலர் நிதி அளிக்க முன்வந்தார்.

அந்நிதியைக் கொண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் என்னும் வறண்ட நிலப்பகுதிக்குக் கோடார்ட் குடிபெயர்ந்தார். சுழலியைக் கொண்டு இராக்கெட்டை நேர்வழியில் செலுத்தும் முறையை அங்கே உருவாக்கினார். 1937-ஆம் ஆண்டு அவர் செலுத்திய ஒன்று 8,000 அடி உயரத்தை எட்டியது. 1926 முதல் 1941 வரை 34 இராக்கெட்டுகளை அவரும் அவர் குழுவினரும் செலுத்தினர். அவற்றுள் பல தவறின. தவறிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடம் கற்றார். இயந்திரம் மேலே இருந்தால் இராக்கெட்டு நிலைகுலையாது என்ற தம் முதற்கருத்தே தவறெனக் கண்டதும், சற்றும் தயங்காமல் இயந்திரத்தைக் கீழே மாற்றினார்.

உண்மையை உள்ளவாறு கூறுவது வாழ்க்கை வரலாற்றுக்கு அழகு. இரஷ்யாவில் சியால்கோவ்ஸ்கியும் ஜெர்மனியில் ஓபெர்த்தும் இதே வழியில் தனித்தனியே சிந்தித்தவர்கள். அவர்களுடைய நூல்கள் பல இளைஞர்களைத் தட்டியெழுப்பின. கோடார்ட்டோ ஒதுங்கி நின்றதால், அவர் கண்டறிந்தவற்றுள் பலவற்றைப் பிறர் தாமாகவே மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. ஓர் ஏளனச் சொல் ஒருவர் வாயை அடைத்துவிட்டால், இழப்பு அவருக்கு மட்டுமன்று, உலகுக்கே இழப்பு. பிறரைப் பார்த்துச் சிரிக்குமுன் நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைக்காக அனாபொலிஸ் நகரில் பணியாற்றிய கோடார்ட், தொண்டைப் புற்றுநோயால் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பால்டிமோரில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 62. வூஸ்டரில், நம்பிக்கை என்று பொருள்படும் பெயர் கொண்ட கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் துயில்கிறது.

கணவரோடு வேலையும் முடிந்தது என்று எஸ்தர் அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. நாட்குறிப்புகளையும் வரைபடங்களையும் ஆண்டுக்கணக்கில் ஒழுங்குபடுத்தினார். கோடார்ட்டின் பெயரிலுள்ள 214 காப்புரிமைகளுள் 131 அவர் மறைவுக்குப் பின்னரே அம்மையாரின் முயற்சியால் பெறப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு 1960-ஆம் ஆண்டு பத்து இலட்சம் டாலர் வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தில் அமைந்த விண்வெளி ஆய்வு மையத்துக்குக் கோடார்ட்டின் பெயரையே சூட்டினர். எஸ்தர் அம்மையார் 1982-ஆம் ஆண்டு வரை வாழ்ந்து இவற்றையெல்லாம் கண்டார்.

1969-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் அப்போலோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்டது. மறுநாளே நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கத்தைச் சுட்டி, வெற்றிடத்திலும் இராக்கெட்டு இயங்கும் என ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 49 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம்! அவ்விண்கலத்தில் சென்ற ஆல்டிரினின் தந்தையார், கிளார்க் பல்கலைக்கழகத்தில் கோடார்ட்டிடம் பயின்ற மாணவர். கோடார்ட்டின் தன்வரலாற்றுச் சிறுநூல் ஒன்றை ஆல்டிரின் அப்பயணத்தில் தம்முடன் எடுத்துச் சென்றார். செர்ரி மரத்தில் ஏறிய சிறுவன் உயிரோடு போகவில்லை. அவன் எழுத்து போயிற்று.

இன்று நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நம் நாட்டு இராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இயந்திரங்கள் முழங்குகின்றன. அம்முழக்கத்திலும் ஆபர்ன் பண்ணையில் எழுந்த அந்த இரண்டரை விநாடி ஓசையின் எதிரொலி இருக்கிறது.

நோயினால் வகுப்பில் பின்தங்கிய மாணவியரும், ஒரு பாடம் வரவில்லையே என்று சோர்ந்திருக்கும் மாணவியரும் நம்மிடையே உண்டு. நான்கு ஆண்டு பிந்திப் பள்ளியை முடித்தவரே விண்ணுக்கு வழி கண்டார் என்பதை அவர்கள் மறவாதிருக்கட்டும். பெற்றோரும் மற்றோரும் ஒரு பிள்ளையின் கனவைக் கேட்கும்போது, சிரிப்பதற்கு முன் சற்றுப் பொறுத்திருக்கட்டும். 41 அடி உயரம் பறந்த முயற்சிதான் பின்னாளில் நிலவு வரை சென்றது.